முகத்தை மொத்தமாக எழுதிக் கொடுப்பதா, மாதக் கணக்கில் விடுவதா?

தீபாவளி விளம்பரத்துக்குத் தோட்டத்து முகம் தேடிக் கோலாலம்பூரிலிருந்து ஆள் வந்தால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட் பிள்ளைகளிடம் நீட்டும் ஒப்பந்தம் ஏறக்குறைய இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, முகத்தைப் பயன்படுத்தும் உரிமையை ஒரே தொகையில் நிரந்தரமாக எழுதி வாங்குவது. இன்னொன்று, இத்தனை மாதம், இன்ன ஊடகம், இன்ன நாடு என்று அளந்து வாங்குவது. முகம் தெரியும்படி நடிக்கிறவர்கள் இரண்டாவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மொத்தமாகக் கொடுத்தால் கையில் உடனே பணம் வரும், சரி. ஆனால் "உலகம் முழுவதும், எல்லா ஊடகத்திலும், காலவரையின்றி" என்று ஒரு வரி இருக்குமே, அதில் கையெழுத்துப் போட்டு உதாரணத்துக்கு 3,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியவரின் முகம் சில வருடம் கழித்து நெடுஞ்சாலைப் பலகையில் ஏறினாலும் மேற்கொண்டு ஒரு காசு வராது. மலேசியாவில் முகத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே பதிப்புரிமை போகும். ஒப்பந்தத்தில் இருப்பதுதான் நமக்குத் துணை. கூட்டத்தில் ஒருவராக நிற்பது, கை மட்டும் தெரிவது என்றால் மொத்தமாகவே கொடுக்கலாம், பாதகமில்லை.

அளந்து கொடுப்பதிலும் கண்ணி உண்டு. காலம் முதல் ஒளிபரப்பிலிருந்து தொடங்கும் என்பார்கள். ஒளிபரப்பு தள்ளிப்போனால் நீங்களும் கட்டுண்டு கிடப்பீர்கள். அதனால் "முதல் ஒளிபரப்பு அல்லது படப்பிடிப்பு முடிந்து இரண்டு மாதம், எது முந்தியோ அது" என்று எழுதச் சொல்லுங்கள். காலத்தை நீட்டினால் எவ்வளவு தர வேண்டும் என்ற நீட்டிப்புக் கட்டணத்தையும் ஒப்பந்தத்தில் இப்போதே போட்டுவிடுங்கள். பழைய ஃபேஸ்புக் பதிவை அழிக்க முடியாது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், காலம் முடிந்தபின் காசு கட்டி அதை மறுபடி விளம்பரமாக ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், போட்டிக் கம்பெனிக்கு நடிக்கக் கூடாது என்ற நிபந்தனை. ஆள் கோட்டைவிடுவது இங்கேதான். தீபாவளிக்கு வங்கி, தொலைபேசி, பேரங்காடி, பெட்ரோல் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் விளம்பரம் எடுக்கிறார்கள், காப்பித்தூள் விளம்பரம் ஒன்றுக்காக "உணவு, பானம் அனைத்தும்" என்று ஒப்புக்கொண்டால் மசாலா, பிஸ்கட், பால்மாவு எல்லாக் கதவும் சாத்திவிடும், அதுவும் வேலை வருகிற அந்தச் சில வாரங்களில். "காப்பித்தூள் மட்டும்" என்று குறுக்குங்கள், முடிந்தால் போட்டிக் கம்பெனிகளின் பெயரையே பட்டியலாகக் கேளுங்கள். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது, ஒப்பந்தம் முடிந்தபின்னும் தொடரும் தடைக்கு அது நல்ல பதில். ஒப்பந்தம் நடக்கும்போது உள்ள தடையை அதைக் காட்டி உடைக்கலாம் என்று நம்பாதீர்கள். அதற்காக ஈப்போவில் வக்கீல் வைத்து அலைய நம்மில் யாருக்கு வசதி?

முழுத் தடைதான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், நடிப்புச் சம்பளத்தோடு சேர்க்காமல் அதற்கென்று தனித் தொகை கேளுங்கள். தொகையைக் கேட்டதும் "காப்பித்தூள் மட்டும் போதும்" என்று இறங்கி வரவும் வாய்ப்பு உண்டு.