டவரா, கண்ணாடிக் கம்பியா: நிலாவெளிக்கு அங்கால இருக்கிற வீட்டுக்கு எது சரி

எங்கட வீடு திருகோணமலையில நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில, புல்மோட்டை ரோட்டில இருந்து கடல் பக்கமா இறங்குற ஒரு ஒழுங்கைக்குள்ள. மெயின் ரோட்டில இருந்து அளந்தா 640 மீட்டர். ரோட்டோரக் கம்பத்தில ஃபைபர் கேபிள், அதாவது வெளிச்சத்தால இன்டர்நெட் கொண்டுவாற கண்ணாடிக் கம்பி, கறுப்பா தொங்கிக்கொண்டு போறதை ரெண்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தம், வீட்டுக்குள்ள என்னவோ டவர் சிக்னலில ஓடுற, யன்னல் கட்டையில வச்ச 4ஜி ரவுட்டர்தான். 2024 தொடக்கத்தில ஃபைபர் எடுத்தம். ரெண்டையும் வருஷக்கணக்கா பாவிச்சவன் எண்டதால இறக்கக்கண்டியில இருந்தும் மூதூரில இருந்தும் சொந்தக்காரர் "எதை எடுக்கிற" எண்டு கேட்டுக்கொண்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் போனில சொல்லுறதை விட எழுதிப்போட்டா எல்லாருக்கும் உதவும் எண்டு இருந்தன்.

முதலே சொல்லிடுறன், நான் ஃபைபர் பக்கம். ஆனா வேகத்துக்காக இல்ல. வேகம் கூட எண்டது எல்லாருக்கும் தெரிஞ்சது, அதுக்கு ஒரு கட்டுரை தேவையில்ல.

பழைய செம்புக் கம்பி லைனை ரெண்டு வரியில முடிக்கலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில இருந்து தூரம் கூடக் கூட வேகம் விழும், நாலஞ்சு கிலோமீட்டர் தாண்டினா பெரும்பாலும் பேருக்குத்தான் லைன். ஐப்பசி மாச இடி மின்னலுக்கு எங்கட வீட்டில ரெண்டு மோடம் எரிஞ்சது. இப்ப புதுசா எடுக்கிற ஆள் அதை யோசிக்கவே தேவையில்ல.

4ஜி பற்றி நியாயமா சொல்லவேணும், ஏனெண்டா 2020, 2021ல ஸ்கூல் மூடிக்கிடந்த காலத்தில எங்கட பிள்ளைகளைப் படிக்க வச்சது அதுதான். கடையில வாங்கி வந்து செருகினா அண்டைக்கே வேலை செய்யும், கம்பம் வேணாம், ஒருத்தரையும் கெஞ்ச வேணாம், வீடு மாறினா தூக்கிக்கொண்டு போகலாம். வாடகை வீட்டில இருக்கிற ஆக்களுக்கு நான் இப்பவும் அதைத்தான் சொல்லுவன். ஆனா வீட்டு ரவுட்டர் நிறைய 2300 மெகாஹெர்ட்ஸில ஓடுது, அந்த அலை மரத்துக்குள்ளால, சுவருக்குள்ளால நல்லாப் போகாது. எங்கட வளவில 11 தென்னை, பக்கத்து வளவில பனை. யன்னலில ரெண்டு கோடு காட்டினதை 20 அடி பைப்பில வெளி யூனிட் (சிக்னல் பிடிக்கிற பெட்டி) பூட்டி நாலு கோடாக்கினம், ஒரு வருஷத்தில உப்புக்காத்துக்கு கிளாம்ப் துருப்பிடிச்சு யூனிட் மெல்லத் திரும்பிப்போய் டவரைப் பார்க்காம கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டது. அதைக்கூட நான் குறையா சொல்லல்ல, ஏறித் திருப்பிக் கட்டினா சரி.

குறை எண்டது வேற. டவரின்ட கொள்ளளவை அந்தச் சுத்துவட்டாரமே பங்கு போட்டுத்தான் பாவிக்குது. விடிய 4 மணிக்கு டெஸ்ட் பண்ணினா வினாடிக்கு 25 மெகாபிட் வரும், இரவு 8 மணிக்கு ஒண்டரை. சித்திரையில இருந்து புரட்டாதி வரை நிலாவெளிப் பக்கம் சீசன், ஹோட்டல் கெஸ்ட்ஹவுஸ் எல்லாம் நிறைஞ்சு, வந்த ஆக்கள் எல்லாரும் புறாத்தீவில எடுத்த வீடியோவை இரவில ஏத்துவாங்க, அவங்க ஏத்தத்தானே வேணும், ஆனா அந்த நேரம்தான் மகளுக்கு ஏ.எல். பிசிக்ஸ் சூம் கிளாஸ், நானும் கொழும்பில ஒரு கம்பனிக்கு வீட்டில இருந்து கணக்கு வேலை செய்யிற ஆள், கோப்பு அனுப்ப முடியாம இரவு 11 மணி வரை முழிச்சிருக்கிறன். கம்ப்ளைன் பண்ணினா "உங்க ஏரியாவில பிரச்சினை ஒண்டும் காட்டல்ல" எண்டுதான் பதில். அவங்க சொல்லுறதும் பொய்யில்ல. டவர் வேலை செய்யுது, ரவுட்டர் வேலை செய்யுது, எதுவும் உடையல்ல. உடையாத ஒண்டை யார் வந்து திருத்துறது?

நான் ஃபைபருக்குப் போனதுக்குக் காரணம் இதுதான். ஃபைபரும் எங்கட மாதிரி ஊரில பழுதாகும், நல்லாவே பழுதாகும். ஆனா பழுது இந்த இடத்தில எண்டு கை வச்சுக் காட்டலாம்.

எடுக்கப் பட்ட பாடு சின்னதில்ல. ரோட்டு வரை கேபிள் இருக்கு, ஒழுங்கைக்குள்ள கம்பம் இல்ல. ஒரு வீட்டுக்காக 640 மீட்டர் இழுக்க எந்தக் கம்பனியும் மனசு வைக்காது, அதில அவங்கட கணக்கும் புரியுது, டவுனில ஒரு கம்பத்தில இருந்து பத்து வீட்டுக்குக் கம்பி போகும், இங்க ஒரு வீட்டுக்கு பத்துக் கம்பம் வேணும். அதால ஒழுங்கையில வீடு வீடாப் போய் கதைச்சம். ஏழு வீடு சேர்ந்து ஒண்டா விண்ணப்பம் குடுத்த பிறகுதான் ஆள் வந்து அளந்தாங்க. கம்பம் நட வளவு ஓரம் விட்டுக்குடுக்க ஒருத்தர் முதல்ல மறுத்தார், அவர்ட வேலி ஏற்கனவே ஒருக்கா ரோட்டுக்கு உள்வாங்கினது, பயம் நியாயம்தான். பக்கத்து வீட்டு அண்ணன் போய் "வேலிக்கு வெளியால ஒரு அடி, உங்கட காணி உங்கட காணிதான் அண்ணை" எண்டு இருந்து கதைச்சுத்தான் சம்மதிச்சார். விண்ணப்பத்தில இருந்து வீட்டுப் பெட்டியில லைட் பச்சை ஆக ஏழு மாசம். தனி வீடா நிண்டு கேட்டுக்கொண்டிருக்கிற ஆக்களுக்கு என்ட முதல் சொல், பக்கத்து வீடுகளைச் சேருங்க.

இணைக்க வந்த தம்பி வேலை செய்ததை நான் பக்கத்தில குந்தி இருந்து பார்த்தன். வீட்டுக்கு வாற கம்பியில உள்ளுக்கு ஒரு கண்ணாடி நூல், அதில வெளிச்சம் ஓடுற நடுப்பகுதி 9 மைக்ரோமீட்டர், தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லிசு. கூடவே தாங்கிறதுக்கு ஒரு உருக்குக் கம்பி. உருக்கை சுவருக்கு வெளியாலயே வெட்டி கொக்கியில கட்டிட்டார், மின்னல் உள்ளுக்கு வராம இருக்கிறதுக்கு அது முக்கியம், கண்ணாடி மின்சாரம் கடத்தாது. பிறகு தோலை உரிச்சு, ஸ்பிரிட் நனைச்ச டிஷுவால துடைச்சு, நேரா வெட்டி, ஒட்டுற மெஷினுக்குள்ள ரெண்டு முனையையும் வச்சு மூடினார். தூறல் விழ மனுசி குடை பிடிச்சா, மெஷினுக்குத்தான், தம்பிக்கு இல்ல. வெட்டின துண்டு ஒவ்வொண்டையும் டேப்பில ஒட்டி எடுத்தார், நிலத்தில விழுந்தா பிள்ளைகளின்ட காலில ஏறும், கண்ணுக்குத் தெரியாது எண்டார். இன்னொண்டும் சொன்னார், அறுந்த முனையை ஒருநாளும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீங்க, அதில ஓடுற ஒளி அகச்சிவப்பு, தெரியாது, ஆனா கண்ணைப் பழுதாக்கலாம்.

சரி, பழுதுக்கு வருவம். ரெண்டு வருஷத்தில எங்கட ஒழுங்கைக்குள்ள மூண்டு தரம் பழுது வந்தது. முதல்தரம் வாடைக் காத்துக்கு தென்னம்மட்டை விழுந்து அறுந்தது, ஆறு நாள். ரெண்டாவது, மண் ஏத்தி வந்த டிப்பர் பெட்டியை இறக்காம ஒழுங்கையால வெளிய போய் இழுத்துக்கொண்டு போனது, நாலு நாள். மூண்டாவது தரம் கம்பி அறுகல்ல, அதுதான் கஷ்டமானது. லைட் பச்சைதான், நெட்டும் வருது, ஆனா இடைக்கிடை விட்டு விட்டு. பக்கத்து வீட்டில நல்லா ஓடுது. கடைசியில கண்டது, அணில் கடிச்சு கேபிள் தோல் போய், கம்பத்துக் கொக்கிக்குள்ள நூல் மடங்கி இருந்தது.

இந்த மூண்டாவது பழுதால நான் படிச்சதைக் கட்டாயம் எழுதவேணும். எக்ஸ்சேஞ்சில இருந்து வாற ஒரு நூலின்ட ஒளியை ஸ்ப்ளிட்டரில 32 வீட்டுக்குப் பிரிக்கிறாங்க எண்டு வைங்க, அந்தப் பிரிப்பிலயே 17 டெசிபெல் (ஒளி எவ்வளவு குறையுது எண்டு சொல்லுற அளவு) அளவு போயிடும். தூரத்தால போறது கொஞ்சம்தான், கிலோமீட்டருக்கு அரை டெசிபெல்லும் இல்ல, இந்த முறையில 20 கிலோமீட்டர் வரை கொண்டுவரலாம். ஆகவே "நீங்க தூரம், அதால ஸ்லோ" எண்டு ஃபைபருக்கு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது செம்புக் கம்பிக் கதை. ஃபைபரைக் கெடுக்கிறது மடிப்பும், அழுக்குப் பிடிச்ச முனையும், ஒழுங்கா ஒட்டாத மூட்டும். மூண்டு டெசிபெல் குறைஞ்சா ஒளி பாதி. வீட்டுச் சுவரில பூட்டின ஃபைபர் பெட்டியின்ட செட்டிங் பக்கத்துக்குள்ள போனா வாற ஒளியின்ட அளவு தெரியும், எங்களுக்கு பூட்டின அண்டைக்கு மைனஸ் 21 (மைனஸுக்குப் பின்னால எண் கூடினா ஒளி குறைவு). மைனஸ் 27, 28க்குக் கீழ போனா பெட்டி ஒளியைப் பிடிக்காது, சிவப்பு லைட் வந்திடும். அணில் கடிச்ச கிழமை மைனஸ் 26.5 காட்டினது. அந்த நம்பரைச் சொல்லி கம்ப்ளைன் குடுத்த பிறகுதான் "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" எண்டுற கதை நிண்டு ஏணியோட ஆள் வந்தது. இப்ப மாசம் முதலாம் திகதி கலண்டரில எழுதி வைக்கிறன். ஃபைபர் எடுக்கிற எல்லாரும் முதல் நாள் நம்பரைக் கேட்டு எழுதிவைங்க, இதுக்கு காசு இல்ல.

ஆறு நாள், நாலு நாள் எண்டது சின்ன விஷயமில்ல, தெரியும். ஒட்டுற மெஷின் வச்சிருக்கிற டீம் டவுனில இருந்து வரவேணும், ஒரே டீம் சாம்பல்தீவுக்கும் குச்சவெளிக்கும் ஓடுது, காத்து அடிச்ச கிழமையில எல்லா ஊரிலயும் அறுந்திருக்கும். அதைக் குறைக்க எங்களால ஏலுமானதை ஒழுங்கைக்குள்ள செய்தம். மாரிக்கு முதல் கம்பிக்கு மேல நிக்கிற காஞ்ச மட்டை எல்லாம் வெட்டுறம், மரம் ஏறுற ஆளுக்கு ஏழு வீடும் பங்கு. ஒவ்வொரு கம்பத்துக்கும் பெயின்டால நம்பர் போட்டு வச்சிருக்கு, போன் பண்ணும்போது "அஞ்சாம் ஆறாம் கம்பத்துக்கு நடுவில" எண்டு சொன்னா வாற தம்பி தேடித் திரியத் தேவையில்ல. ஏணி எங்கட வளவிலயே இருக்கு. அதுக்குப் பிறகு வந்த பழுது ஒண்டே நாளில முடிஞ்சது, அது அணில் கடிச்சதுதான். இப்பிடி ஒரு முயற்சியை 4ஜிக்கு எங்க கொண்டுபோய்ப் போடுறது? இரவு 8 மணி நெரிசலுக்கு எந்த மட்டையை வெட்டுறது?

கரண்ட் விஷயத்திலயும் ஃபைபர் எனக்கு உதவினது, இதை நான் எடுக்க முதல் யோசிக்கவே இல்ல. எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்ல, அங்க பேட்டரி ஜெனரேட்டர் ஓடினா, வீட்டில பெட்டி எரிஞ்சா காணும். பெட்டி 12 வோல்ட், ஒரு மினி யூபிஎஸ் (சின்ன பேட்டரிப் பெட்டி) போதும். 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்க கரண்ட் நிண்ட ஞாயிற்றுக்கிழமை, எங்கட ஃபைபர் ஓடிக்கொண்டே இருந்தது, போனில டவர் சிக்னல் பின்னேரத்துக்கிடையில போயிட்டு. எல்லா ஊரிலயும் இப்பிடி இருக்கும் எண்டு நான் சொல்ல மாட்டன், எக்ஸ்சேஞ்சின்ட பேட்டரி எப்பிடி எண்டதைப் பொறுத்தது.

ஸ்டார்லிங்க், அதாவது செய்மதியால வாற இன்டர்நெட், 2025 ஜூலையில இங்க தொடங்கினது. சொந்தக்காரர் ஒருத்தர்ட கெஸ்ட்ஹவுஸில ரெண்டு நாள் பாவிச்சதுதான் என்ட அனுபவம், அதால கூடக் கதைக்கல்ல. நல்ல வேகம், கம்பம் வேணாம், ஆள் இல்லாத காட்டோரத்திலயும் வரும், செய்மதி 550 கிலோமீட்டர் உயரத்தில எண்டதால பழைய டிஷ் இன்டர்நெட் மாதிரி பேச்சு பிந்தாது. ஆனா வானம் திறந்திருக்கவேணும், அவர் ஒரு தென்னையை வெட்டித்தான் வச்சார். கரண்ட் 75, 100 வாட் இழுக்கும், எங்கட பெட்டிக்கு பத்துப் பதினைஞ்சு வாட்தான். சாமானுக்கு ஒரு லட்சத்துக்கு மேல, மாசக் கட்டணம் 12,000க்கு மேல எண்டுதான் இங்க தொடங்கினது. கெஸ்ட்ஹவுஸ் நடத்திற ஆள் குடுப்பார், கடலுக்குப் போற வீடு குடுக்க ஏலாது. உப்புக்காத்துக்கு அந்தத் தட்டு எத்தனை வருஷம் நிக்கும் எண்டது இன்னும் ரெண்டு மூண்டு மாரி போனாத்தான் தெரியும்.

ஒரு இடத்தில மட்டும் அது ரெண்டையும் விட மேல. 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல் வந்தப்ப எங்கட ஒழுங்கைக் கம்பி ஒண்டும் அறுகல்ல, பெட்டியில பச்சை லைட், ஆனா நெட் இல்ல. எங்கயோ வெளியில பெரிய லைன் போயிருந்தது. அதே நேரம் 4ஜியும் இல்ல, ஏனெண்டா டவருக்குப் பின்னாலயும் ஃபைபர்தான் வருது. அண்டைக்கு கெஸ்ட்ஹவுஸ் முற்றத்தில நிண்டுதான் ஊர் ஆக்கள் வெளிநாட்டில இருக்கிற பிள்ளைகளுக்கு "உயிரோட இருக்கம்" எண்டு மெசேஜ் போட்டாங்க. அதால ஒரு ஊருக்கு ஒண்டாவது, பள்ளிக்கூடத்திலயோ கோயிலிலயோ, வானத்தால வாற லைன் இருக்கவேணும் எண்டு இப்ப நினைக்கிறன். வீட்டுக்கு வீடு தேவையில்ல.

கேட்டவங்களுக்குப் பதில்: இறக்கக்கண்டி சித்தப்பா, உங்கட வீடு ரோட்டுக்கு 100 மீட்டரும் இல்ல, யோசிக்காம ஃபைபர் எடுங்க. மூதூர் மச்சானுக்கு ஒரு வருஷத்தில வீடு மாறுற எண்ணம் இருந்தா 4ஜி போதும், யூனிட்டுக்கு துருப்பிடிக்காத ஸ்டீல் கிளாம்ப் வாங்குங்க. எங்கட ஒழுங்கையில வீடுகளுக்குக் கம்பி பிரியிற பெட்டியில எட்டு வாய், ஏழு நிறைஞ்சிட்டு. எட்டாவதை கடற்கரை ஓரத்து வீட்டு அக்கா கேட்டிருக்கா, மகன் இந்த வருஷம் ஓ.எல். அவட வளவுக்குப் போக இன்னும் ரெண்டு கம்பம் வேணும். இந்த ஞாயிறு பின்னேரம் ஏழு வீடும் இருந்து கதைக்கப் போறம்.