வளையும் 3டி லேப்ராஸ்கோப்: தையல் அதிகம் போடுகிறவர்களுக்கு மட்டும்

ஒலிம்பஸ் கம்பெனியின் எண்டோஐ ஃப்ளெக்ஸ் 3டி ஸ்கோப்பை, அதாவது சிறு துளை வழியே வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும், நுனி வளையும் கேமராக் குழாயை, வாங்கலாமா என்று கேட்கிற சர்ஜன்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வயிற்றுக்குள் எவ்வளவு தையல் போடுகிறீர்கள்? பித்தப்பை, அப்பெண்டிக்ஸ், எப்போதாவது ஒரு டயக்னாஸ்டிக் லேப்ராஸ்கோப்பி (நோயைக் கண்டறிய உள்ளே பார்ப்பது), இவ்வளவுதான் என்றால் இந்தப் பணத்தில் ஒரு நல்ல எனர்ஜி மெஷின் (திசுவை வெட்டி ரத்தக் கசிவை அடைக்கும் கருவி) வாங்கிக்கொள்ளுங்கள், நிம்மதியாக இருக்கலாம். ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பை நெஞ்சுப் பக்கம் ஏறுவது), ரெக்டோபெக்ஸி (இறங்கிய மலக்குடலை இழுத்துத் தைப்பது), கர்ப்பப்பை எடுத்த பிறகு வஜைனல் கஃப் (பெண்ணுறுப்புக் குழாயின் மேல்முனை) தைப்பது என்று உள்ளே ஊசி பிடிக்கும் வேலை தினமும் இருக்கிறதென்றால் மேலே படியுங்கள்.

2013-ல் வந்த ஸ்கோப் இது. 10 மி.மீ. குழாயின் நுனியிலேயே இடம், வலம் என இரண்டு படங்கள் எடுக்கும் ஏற்பாடு. நம் கண்கள் ஆறு செ.மீ.க்கு மேல் விலகி இருக்கின்றன, இங்கே இரண்டுக்கும் இடையில் சில மி.மீ.தான். அதனால் வேலை செய்யும் இடத்துக்கு ஓரளவு அருகில் ஸ்கோப் இருந்தால்தான் ஆழம் நன்றாகத் தெரியும். தூரத்திலிருந்து மொத்த வயிற்றையும் சுற்றிப் பார்க்கும்போது 2டி-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ரொம்பக் கிட்டே போனால் படம் இரண்டாகப் பிரிந்து கண் வலிக்கும். மானிட்டரில் ஒரு வரி இடக்கண்ணுக்கு, அடுத்த வரி வலக்கண்ணுக்கு என்று மாறி மாறி வருகிறது, 3டி சினிமாவில் தருவது மாதிரியான போலரைஸ்டு கண்ணாடி அவற்றைப் பிரித்துக் கொடுக்கிறது. பேட்டரி கிடையாது, கண்ணாடி இலேசாக இருக்கும். ஆனால் ஃபுல் எச்.டி. மானிட்டரில் ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி வரிகளே கிடைப்பதால், கூர்ந்து பார்த்தால் படம் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். 4கே மானிட்டர் போட்டால் அந்தக் குறை தெரிவதில்லை.

சரி, தையலுக்கு வருவோம். 2டி-யில் ஊசியைப் பிடிக்கப் போகும்போது நாம் என்ன செய்கிறோம் என்று வீடியோவைப் போட்டுப் பாருங்கள். நீடில் ஹோல்டரின் (ஊசி பிடிக்கும் கருவியின்) வாயைத் திறந்துகொண்டு போகிறோம், ஊசிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறோம், திரும்ப வந்து திசுவை லேசாகத் தொட்டு ஆழத்தைக் கணக்குப் போட்டு, அப்புறம்தான் பிடிக்கிறோம். பல வருடப் பழக்கத்தில் இதெல்லாம் நமக்கே தெரியாமல் நடக்கிறது. நிழல், அளவு, கருவி அசையும் விதம் இவற்றை வைத்து மூளை ஆழத்தை ஊகித்துக்கொண்டே இருக்கிறது. 3டி-யில் நேராகப் போய்ப் பிடிக்கலாம். ஹயாட்டஸ் ஹெர்னியாவில் க்ரூரா (உணவுக்குழாயைச் சுற்றியுள்ள உதரவிதானத் தசை) தைக்கும்போது ஊசி நுனி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, பின்னால் அயோர்ட்டா (பெருந்தமனி) எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஜூனியர்களிடம் இது இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அவர்களுக்கு அந்த ஊகிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

வளையும் நுனிதான் இந்த ஸ்கோப்பின் தனிச்சிறப்பு. நான்கு திசையிலும் 100 டிகிரி வரை வளையும். வென்ட்ரல் ஹெர்னியாவில் (வயிற்றின் முன்சுவரில் வரும் குடலிறக்கம்) அந்தச் சுவரை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும்போது, வளையாமல் 30 டிகிரி சாய்வாகப் பார்க்கும் ஸ்கோப்பில் கேமரா பிடிப்பவர் படும் பாடு உங்களுக்கே தெரியும். இதில் கைப்பிடியை நேராக வைத்துக்கொண்டு கட்டை விரலால் லீவரைத் தள்ளினால் போதும். ஆனால் அந்தக் கட்டை விரல் பழக நாளாகும். புதுப் பையன் ஒருவன் கையில் கொடுத்தால் முதலில் மானிட்டரில் கப்பல் ஆடுகிற மாதிரி இருக்கும், அன்றைக்கு நீளமான கேஸ் வைக்காதீர்கள்.

சீனியர்கள் சிலர் "அதெல்லாம் தொண்ணூறுகளிலேயே பார்த்தாச்சு" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஸ்காட்லாந்தின் டன்டீயில் ஹன்னா, குஷியரி குழுவினர் பித்தப்பை ஆபரேஷனில் 3டி-யையும் 2டி-யையும் ஒப்பிட்டு, பெரிய பயன் இல்லை என்று 1998-ல் லேன்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அன்றைய 3டி படத்தின் தரம் வேறு, இன்றைய படம் வேறு. தவிர, பித்தப்பையில் க்ளிப் போடுவதுதான் முக்கிய வேலை, தையல் எங்கே இருக்கிறது? பிறகு ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிக் சர்ஜரி சங்கம் ஆய்வுகளை எல்லாம் அலசி, 3டி-யில் ஆபரேஷன் நேரம் குறைகிறது என்று பரிந்துரைத்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது. டா வின்சி ஆபரேஷன் ரோபோவில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம், முகத்தைப் பதித்துப் பார்க்கலாம். அந்தச் சுகம் இதில் வராது, அந்த விலையும் இதில் வராது.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் வேறொரு 3டி செட் இருந்தது. மானிட்டரை உயரத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கருவி தெரியும், எல்லோருக்கும் தலைவலி, ஸ்கோப் சரியில்லை என்று கம்பெனிக்குப் போன் மேல் போன். போலரைஸ்டு மானிட்டரைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் இரண்டு படமும் கலந்துதான் தெரியும். கண் மட்டத்துக்கு இறக்கியதும் பிரச்சினை போய்விட்டது. அதேபோல நுனியில் ஒரு பக்கம் மட்டும் ஆவி படிந்தாலோ ரத்தத் துளி ஒட்டினாலோ, ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரியும், என்னவென்று உடனே பிடிபடாது. சந்தேகம் வந்தால் ஸ்கோப்பை வெளியே எடுத்து வெந்நீரில் முக்கித் துடைத்துவிடுங்கள். மாலைக்கண் மாதிரித் தடவிக்கொண்டு ஆபரேஷன் செய்ய வேண்டாம்.

ஸ்க்ரப் சிஸ்டருக்கும் கண்ணாடி வேண்டும், இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி இல்லாதவருக்குத் திரையில் எல்லாம் இரட்டையாகத் தெரியும். எதிர்ப்பக்கம் 2டி-யில் இன்னொரு மானிட்டர் வைத்தால் மயக்க மருந்து டாக்டரும் திட்டமாட்டார். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதன் மேல் மாட்டும் க்ளிப்-ஆன் கேட்டு வாங்குங்கள். சிறு வயதில் மாறுகண்ணோ சோம்பேறிக் கண்ணோ இருந்தவர்களில் பலருக்கு 3டி ஆழம் சரியாகத் தெரியாது, அவர்கள் முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு அப்புறம் கொட்டேஷன் கேட்கலாம்.

பழைய செட்டை வாங்குவதாக இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். முந்தைய தலைமுறையில் இரண்டு பிராசஸரும் (கேமராப் படத்தைத் தயாரிக்கும் பெட்டி) அவற்றின் படங்களைச் சேர்க்கும் ஒரு 3டி மிக்ஸரும் சேர்த்து ட்ராலியையே அடைத்துக்கொள்ளும், ஒலிம்பஸின் அடுத்த தலைமுறையான விசேரா எலீட் 2-ல் அதெல்லாம் ஒரே பெட்டி. டெமோ கேட்கும்போது பித்தப்பை கேஸ் கொடுக்காதீர்கள், தையல் உள்ள கேஸ் வையுங்கள், கேமராவை உங்கள் அசிஸ்டென்டே பிடிக்கட்டும். கையெழுத்துப் போடும் முன், வளையும் பகுதி பழுதானால் ரிப்பேருக்கு எவ்வளவு, சரிசெய்து வரும்வரை மாற்று ஸ்கோப் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.