கரி வில்லை: மூன்று ஆண்டும் ஓர் அலாரமும்

சென்ற வெள்ளிக்கிழமை வீட்டுப் புகை அலாரம் மறுபடியும் அலறி, அப்போதுதான் கண்ணயர்ந்த பேத்தியை எழுப்பிவிட்டது. மறுநாள் காலை நாத்தனார் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அத்தை, நீங்கள் சாம்பிராணிக்குப் போடும் கரி வில்லை தேக்காக் கடைகளில் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா?” நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வில்லையை இடுக்கியில் பிடித்து விளிம்பைத் தீயில் காட்டினால், ‘சர்’ரென்று பொறி கிளம்பி, கறுப்பு முகத்தில் ஒரு கோடாக ஊர்ந்து மறுவிளிம்பைத் தொடும். மூன்று ஆண்டாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை. கரியோடு சேர்த்திருக்கும் வெடியுப்பின் வேலை அது. பொட்டாசியம் நைட்ரேட் என்று புட்டியில் எழுதுவார்களே, அதுதான். சூடேறியதும் தானே ஆக்சிஜனை விடுவதால் ஊதவும் வேண்டாம், விசிறவும் வேண்டாம்.

வினையும் அந்த உப்புதான். பொறி ஓடும்போது எழும் புகையில் மத்தாப்பு வாடை. அவசரப்பட்டுச் சாம்பிராணியைத் தூவினால் பூசையறையில் தீபாவளி மறுநாள் தெரு மணக்கும். வில்லை முழுக்க வெண்சாம்பல் பூக்கும்வரை பொறுக்க வேண்டும். நான் பொறுப்பேன், அலாரம் பொறுக்காது. எங்கள் வீவக வீடு, அதாவது சிங்கப்பூர் அரசின் அடுக்குமாடி வீடு, புதியது. 2018 ஜூன் முதல் புது வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அந்த வெள்ளிக்கிழமை வாசலுக்கு வெளியே வைத்துத்தான் பற்றவைத்தேன். மழைக்காற்று புகை மொத்தத்தையும் கூடத்துக்குள் தள்ளிவிட்டது. எதிர்வீட்டுச் சீன அம்மா சீனர்களின் ஏழாம் மாதம் முன்னோருக்காகக் கீழே தாள் எரிப்பவர், என் புகைக்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்தச் சத்தத்துக்குச் சுளித்தார்.

டிசம்பர் மழையில் பிரித்த வில்லைச் சுருளைத் திறந்துபோட்டால் கரி ஈரம் குடித்து, பொறி பாதி வழியில் நின்றுவிடும். மைலோ டின்னில் இறுக மூடிவைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

உப்புச் சேராத சிரட்டைக் கரியும் வாங்கிப் பார்த்தேன். பற்றிக்கொள்ள அடுப்பில் ஏழெட்டு நிமிடம் பிடிக்கிறது, ஆனால் வாடையே கிடையாது. (எந்தக் கரியானாலும் சன்னல் திறந்திருக்கட்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மூக்குக்குத் தெரியாது.)

“வாங்காதே, காசுக்குக் கேடு” என்று சொல்லிவிட்டேன்.

“அப்படியானால் உங்களிடம் மிச்சம் இருப்பதைக் கொடுங்கள் அத்தை, ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.”

டின்னில் ஆறு வில்லை இருந்தது. தீர்ந்துவிட்டது என்றேன்.