பஞ்சர் ஆனா பழைய ட்யூப்பைக் கடையில விட்டுட்டு வராதீங்க

இப்பதான் கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தேன், நகத்துல கருப்பு இன்னும் போகல. கோபத்துலதான் எழுதுறேன், வார்த்தை தடிச்சா பொறுத்துக்கோங்க.

மூணு ட்யூப், ஒரு டயர், மூணு தடவை கூலி. எல்லாம் என் சைக்கிளோட ஒரே பின் சக்கரத்துக்கு, இருபது நாளுக்குள்ள.

சைக்கிள் ரிப்பேர் கடைதான், பேர் வேண்டாம். முதல்ல நான் போனது பஞ்சருக்கே இல்ல, சக்கரக் கோட்டம் எடுக்க. அந்த ஆள் சக்கரத்தைச் சுத்தி விட்டு, ஒவ்வொரு ஸ்போக்கையும் சுண்டி, காதைக் கொடுத்துக் கேட்டு முறுக்கினார். தொழில் தெரிஞ்ச மனுஷன்னு அங்கயே விழுந்துட்டேன்.

மூணாம் நாள் காத்து இல்ல. சக்கரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காம "முள்ளுங்க, ட்யூப்பும் பழசு"ன்னார். புது ட்யூப். அஞ்சு நாள் ஓடுச்சு. "டயர் தேஞ்சிருச்சு, அதான் ஏறுது." புது டயர், கூடவே இன்னொரு ட்யூப். அதுவும் ஒரு வாரத்துல, வீட்டுல நிறுத்தி வச்ச ராத்திரியில படுத்துருச்சு. இந்தத் தடவை "இந்த ட்யூப் வந்த லாட்டே சரியில்லைங்க"ன்னு மூணாவது ட்யூப்பை மாட்டினார். சரியில்லாத லாட்டுக்கும் முழுக் கூலி! பழைய ட்யூப்பைக் கேட்டா, "அது எதுக்குங்க உங்களுக்கு, குப்பைக்குப் போயிருக்கும்."

இன்னைக்குக் காலையில நாலாவது பஞ்சர். நானே கழட்டினேன். கழட்டறதுக்கு முன்னாடி வால்வுக்கு நேரா டயர்லயும், ட்யூப்பை வெளிய உருவறப்போ அதுல ஒரு பக்கத்துலயும் சாக்பீஸ் கோடு, எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு அப்புறம் தெரியணும்ல. ட்யூப்புல காத்தடிச்சு வாளித் தண்ணியில முக்கினா, வால்வுல இருந்து ஒரு சாண் தள்ளி பொடிப்பொடியா குமிழ். அதுவும் டயர் பக்கம் இல்ல, ரிம் பக்கம்! முள்ளுன்னா டயரைத் துளைச்சுதானே வரணும், வெளிப்பக்கம்தானே ஓட்டை விழணும்? காத்து கம்மியா ஓட்டி, குழியில இடிச்சு, ரிம் நசுக்கியிருந்தா பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு கீறல் பக்கத்துல பக்கத்துல இருக்கும். இது ஒத்தை ஓட்டை. சுத்தி ஸ்போக் ஓட்டைங்களோட தடம் வட்டம் வட்டமா.

அந்தக் கோட்டை வச்சு ட்யூப்பை ரிம் மேல பழையபடி வச்சுப் பார்த்தேன். அதே இடத்துல ரிம் டேப், அதான் ஸ்போக் ஓட்டைங்களை மூடுற பட்டை, ஒதுங்கி, நிப்பிளை, அதாவது ஸ்போக்கை ரிம்முல பிடிச்சு முறுக்குற குட்டி நட்டை, தாண்டி ஸ்போக் முனை நீட்டிக்கிட்டு நிக்குது. தடவினேன், விரல்ல ரத்தம். காதைக் கொடுத்துக் கேட்டு முறுக்கினாரே, அந்த முறுக்குல வெளிய வந்த முனைதான். ராவியிருந்தா முடிஞ்சது வேலை.

போன் பண்ணினேன். முதல்ல "ஓனர் இல்ல". அப்புறம் "நீங்களே கழட்டிட்டீங்க, இனி எங்க பொறுப்பு இல்ல". மூணாவது தடவை எடுக்கவே இல்ல. மூணு ட்யூப், ஒரு டயர்!

விவரமா எழுதத்தான் உக்காந்தேன், தெம்பு இல்ல. ஓட்டை எங்கன்னு கண்ணால பார்க்காம புது ட்யூப்புக்குச் சரின்னு சொல்லாதீங்க. வெளிப்பக்கம் ஓட்டைன்னா டயரோட உள்பக்கம் மெதுவா தடவிப் பாருங்க, கண்ணாடித்துண்டோ கம்பியோ உள்ளயே இருக்கலாம். வால்வு அடியில கிழிஞ்சிருந்தா ஒட்டுப் போட்டு நிக்காது. பழைய ட்யூப்பைக் கேட்டு வாங்கிட்டு வாங்க.

முனையை அரத்தால ராவி, டேப்பை நேரா இழுத்து ஒட்டி, அந்த மூணாவது ட்யூப்புக்கே ஒட்டுப் போட்டு மாட்டியிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் காத்து நிக்குது.