செவ்வாய்ப்பேட்டை பழைய வெள்ளிக் கடையில் பட்டாளத்துப் பதக்கங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே உள்ள இந்தப் பழைய வெள்ளிக் கடையில் பதக்கங்கள் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் மெடல்தான் அதிகம். வெள்ளி எடைக்கே விலை சொல்கிறார்கள். விளிம்பில் பொறித்த எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் இலவசம் மாதிரி! இதே மெடலின் வெண்கல வகை தொழிலாளர் படைகளுக்குத் தரப்பட்டது, வெள்ளியைவிட அரிது. இங்கே அது பித்தளைச் சாமான்கள் போட்ட தட்டில் கிடக்கும், கிளறிப் பாருங்கள்.

வெர்னியர் காலிப்பர் கையோடு இருக்கட்டும். பிரிட்டிஷ் வார் மெடலின் விட்டம் 36 மி.மீ. வர வேண்டும். நாலு திசையில் அளந்து ஓரிடத்தில் குறைந்தால், பழைய பெயரை அரம் போட்டு அழித்திருக்கிறார்கள். எழுத்து மழுங்கி, பரப்பில் குண்டூசிக் குழிகள் தெரிந்தால் அச்சில் வார்த்த போலி.

இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனைக்காகத் தந்த நட்சத்திரப் பதக்கமான பர்மா ஸ்டாரில் பெயர் இல்லையென்று தள்ளிவிடாதீர்கள். பிரிட்டிஷ் படையினருக்குப் பெயரில்லாமல்தான் வழங்கினார்கள். ரிப்பனில் புற ஊதா டார்ச் அடியுங்கள். பளீரென நீலமாக ஒளிர்ந்தால் நூல் பிற்காலத்தது. ஆனால் ரிப்பன் மாற்றுவது சகஜம், அதற்காக மெடலையே போலி என்று சொல்லிவிட முடியாது.

பெரிய குறை, பாலிஷ். தேய்த்துப் பளபளப்பாக்கியதில் மெடலில் உள்ள மன்னர் உருவத்தின் தலைமுடிக் கோடுகளே போய்விட்டன. தேய்க்காததைக் கேட்டு வாங்குங்கள்.