ஃப்ளெமிங்: எழுத்தாளரின் கதையில் பாண்டின் சாயல் அதிகம்

ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃப்ளெமிங்கின் வாழ்க்கையை நாலே பாகங்களில் சொல்கிறது, 2014இல் ஸ்கை அட்லாண்டிக் தொலைக்காட்சியில் வந்த 'ஃப்ளெமிங்' தொடர். பாகத்துக்கு முக்கால் மணி நேரம். பங்குத் தரகு வேலையில் மனம் ஒட்டாத பணக்கார வீட்டுப் பிள்ளை, 1939இல் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் சேருகிறார். ஃப்ளெமிங்காக நடிக்கும் டொமினிக் கூப்பருக்கு அவர் முகஜாடை கிடையாது. ஆனால் அந்த அலட்சியத்துக்கு அடியில் இருக்கும் தாழ்வு மனப்பான்மையைப் பிடித்துவிட்டார். 1917 போரில் இறந்த அப்பா, எழுத்தில் முன்பே பேர் வாங்கிவிட்ட அண்ணன் பீட்டர், எதிலும் திருப்தியடையாத அம்மா. லெஸ்லி மான்வில் அம்மாவாக வரும் காட்சிகளைத் தவறவிடாதீர்கள்.

தொடரின் உயிர் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரல்டி அலுவலகம்தான். சாமுவேல் வெஸ்ட் நடித்த உளவுப் பிரிவுத் தலைவர் அட்மிரல் காட்ஃப்ரேயும் ஃப்ளெமிங்கும் மோதும் இடமெல்லாம் சூடு பறக்கிறது. (இதே காட்ஃப்ரேதான் பின்னாளில் இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்றார், 1946 பம்பாய் மாலுமிகள் எழுச்சி அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் வெடித்தது.)

சறுக்குவது ஃப்ளெமிங் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும்போது. ஃப்ளெமிங்கின் யோசனையில் உருவான 30ஆம் தாக்குதல் பிரிவு என்ற கமாண்டோ படையின் வேலை, முன்னேறும் படையோடு நுழைந்து, எதிரி எரிப்பதற்குள் சங்கேதப் புத்தகங்களையும் ஆவணங்களையும் அள்ளுவது. எதை அள்ள வேண்டும் என்று லண்டனிலிருந்து பட்டியல் கொடுத்தவர் ஃப்ளெமிங். பிரெஞ்சுத் துறைமுகமான டியப் மீதான 1942 தாக்குதலைக்கூட கரைக்கு அப்பால் நின்ற கப்பலிலிருந்துதான் பார்த்தார். இத்தனை ரகசியம் தெரிந்தவர் எதிரியிடம் சிக்கினால் என்ன ஆகும்? அதனால்தான் அவரைச் சண்டைக்கு அனுப்பவில்லை. அந்தத் தவிப்புதான் பிறகு நாவலாக மாறியது. தொடரோ கடைசிப் பாகத்தில் அவரையே களத்தில் இறக்கி, அந்தத் தவிப்பைக் கரைத்துவிடுகிறது. போர்ச்சுகல் சூதாட்ட மேசையிலும் இதே மிகைதான்: 1941இல் அவரோடு ஆடியவர்கள் சாதாரண உள்ளூர்க்காரர்கள் என்றே வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

1944 குண்டுவீச்சில் இறந்த காதலி மியூரியல் ரைட்டுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும். அவர் உடலை அடையாளம் காட்டியவரே ஃப்ளெமிங்தான். நேரமெல்லாம் அவர் பின்னாளில் மணந்த ஆன் என்பவருடனான மூர்க்கமான உறவுக்குப் போய்விடுகிறது. படுக்கையறைக் காட்சிகளும் நிறைய, பிள்ளைகளோடு பார்க்க முடியாது.

எழுத்து வேலையைப் பார்க்க வருபவர்களுக்குத் தீனி குறைவு. 1952இல் ஜமைக்காவின் 'கோல்டன்ஐ' வீட்டில் காலைதோறும் சுமார் 2,000 சொற்கள் தட்டி, இரண்டு மாதத்துக்குள் முதல் நாவலை முடித்தவர் அவர். அந்த உழைப்புக்கே ஒரு முழுப் பாகம் ஒதுக்கியிருக்கலாம். போர்க்கால லண்டனும் அலுவலக அரசியலும் பிடிக்கும் என்றால் தாராளமாகப் பாருங்கள்.