அப்பாவைத் தேடிய காலை

லண்டனிலிருந்து மூன்று வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் அப்பாவின் கட்டில் காலி. வாசல் கதவு திறந்து கிடந்தது.

அப்பாவுக்கு 78 வயது. ஓய்வுபெற்ற வாத்தியார். நான்கு வருஷமாக மறதிநோய். போன வருஷமும் இப்படிக் கிளம்பிப் போயிருக்கிறார். அப்போது பிடித்த போலீஸ்காரர்கள், குடித்துவிட்டு வம்பு பண்ணுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் மறைய ஒரு வாரம் ஆனது என்று அண்ணன் சொன்னார். கேட்டபோது வயிறு எரிந்தது. ஆனால் அப்பாவுக்கு வலது காது கேட்காது, பின்னாலிருந்து தொட்டால் உதறிவிடுவார் என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் யாரும் சொல்லி வைக்கவில்லையே.

பிரிட்டனில் 'ஹெர்பர்ட் புரோட்டோகால்' என்று ஒரு படிவம் உண்டு. மறதிநோய் உள்ளவரின் போட்டோ, மருந்துகள், பழைய முகவரிகள், வேலை பார்த்த இடம் எல்லாவற்றையும் குடும்பத்தார் முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். ஆள் காணாமல் போனால் உடனே போலீஸிடம் கொடுத்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் சண்டையிட்ட ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவர் மறதிநோயோடு தன் சின்ன வயசு வீட்டைத் தேடிப் போன வழியில் இறந்துபோனார்; அவர் பெயர்தான் அதற்கு. ஊருக்கு வந்த முதல் நாளே அண்ணனோடு உட்கார்ந்து, அதேபோல் தமிழில் ஒரு பக்கம் எழுதி போனில் வைத்திருந்தேன்.

112-ஐ அழைத்தேன். ரோந்து வண்டியில் ஒரு ஏட்டும் இளம் பெண் காவலரும் வந்தார்கள். ஏட்டு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "வேலை பார்த்த பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா அங்கேதான் இருந்தார். கையில் கம்பு. பூட்டிய கேட்டை அடித்துக்கொண்டு வாட்ச்மேனைத் திட்டிக்கொண்டிருந்தார். ஏட்டு வண்டியைத் தள்ளியே நிறுத்தி, சுழலும் விளக்கை அணைக்கச் சொன்னார். வாட்ச்மேனை ஒதுங்கச் சொல்லிவிட்டு, கம்பு எட்டாத தூரத்தில் அப்பாவின் இடப்பக்கமாக, முகம் தெரிகிற மாதிரி நின்றார்.

"வணக்கம் சார். மணி அடிக்க இன்னும் நேரமிருக்கு. அதுவரைக்கும் உட்காரலாமா?"

அப்பா அவரை ரொம்ப நேரம் பார்த்தார். கம்பு மெல்லத் தாழ்ந்தது. திண்ணையில் உட்கார்ந்ததும் அந்தப் பெண், "சார், பட்டன் மாறியிருக்கு, சரி பண்ணட்டுமா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் சட்டையைத் தொட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதில் சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவுப்படி, மனநலம் குலைந்து தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரை போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஞாபகம் கடுமையாகக் குலைவதும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. முதியோருக்கென்று 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

மறுநாள் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஸ்டேஷனில் கொடுக்கப் போனேன். ராத்திரி டியூட்டிக்காரர்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் ஏட்டு. அப்புறம் தாளைப் பார்த்து, "வாத்தியார்னு போட்டிருக்கீங்க, என்ன பாடம்னு போடலையேம்மா. தெரிஞ்சா பேச்சுக் கொடுக்கச் சுலபமா இருக்கும்" என்றார்.

அவர் பேனாவையே வாங்கி, இரண்டு தாளிலும் 'கணக்கு' என்று எழுதிக் கொடுத்தேன்.